பதநீர்ப் பருவத்தில் காலி செய்யாதவள்

“அடுத்த ஒண்ணாந்தேதிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்கம்மா.”

ஹபீப் காக்கா இதைச் சொன்னபோது நான் வாளியோடு கிணற்றடியில் நின்றிருந்தேன். மாசி மாதத்துக் காலை, ஆறே கால் மணி. எங்களுக்கு நேர் மேலே, பனை மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து காளிமுத்து பாளை சீவிக்கொண்டிருந்தார். அரிவாள் சீவும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது தடவை கேட்கவில்லை. மரத்தில் இருந்தவரும் காதைக் கொடுத்துவிட்டார் என்று புரிந்தது.

இந்தக் கரையில் முஸ்லிம் குடும்பங்களில் அப்பாவை வாப்பா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள். எட்டு வருஷத்தில் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. ஹபீப் காக்கா சவுதியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, முந்தைய ஐப்பசியில்தான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது இந்த வீட்டின் சாவியை என் கையில் கொடுத்தவர் அவர்தான்.

“என்ன காக்கா, திடீர்னு?” என்றேன்.

“தப்பா நெனச்சுக்கிடாதீங்க. சீசன் வருதுல்ல. ரெண்டு ரூமு, நடுவுல ஹாலு, சுத்திப் பதினோரு பன. தங்க வர்ற ஆளுகளுக்கு இந்த மாதிரி எடம் கெடைக்காதுங்குறாக.”

“நான் எட்டு வருஷமா இருக்கேன்.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். எட்டு வருஷம் இருந்துட்டீங்கள்ல.”

எட்டு வருஷம் இருந்ததையே ஒருவரை வெளியே அனுப்பும் காரணமாகச் சொல்லலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. வாளியைக் கீழே வைத்தேன். அவர் செருப்பைச் சரிசெய்துகொண்டு போனார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

சின்ன ஊர்தான்

இந்தத் தொடரின் போன பகுதியைப் படித்த ஒரு வாசகர், “அத்தனை சின்ன ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது அவ்வளவு கஷ்டமா?” என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்காக ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

கீழக்கரையிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் பனை. இரண்டு பள்ளிவாசல், ஒரு மாதா கோயில், ஒரு முனியசாமி கோயில், நான் ரத்தமும் சளியும் பரிசோதிக்கும் அரசு சுகாதார நிலையம். ஊரில் எனக்குப் பெயர் லேபக்கா.

மாசியில் தொடங்கி ஆடி வரை இந்த ஊர் பதநீரில் நடக்கும். காலையில் தெருவில் சுண்ணாம்பும் இனிப்பும் கலந்த வாசம். பத்து மணிக்கு மேல் அதுவே கருப்பட்டி காய்ச்சும் புகையாக மாறும். கொடியில் காயும் சேலையில் ஏறிவிடும். முதல் வருஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் வருஷம் மதுரையில் ஒரு கல்யாணத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “ஒங்க சேலைல கருப்பட்டி வாசம் அடிக்குதுங்க” என்று மூக்கைச் சுருக்கினார். “ஆமாங்க” என்று சொல்லி முந்தானையை இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டேன்.

முன்பெல்லாம் பதநீர் குடிக்க யாரும் ஊர்விட்டு ஊர் வந்ததில்லை. ஐந்தாறு வருஷமாக வருகிறார்கள். யாரோ ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டார். அடுத்த சனிக்கிழமை நாலு கார்கள் வந்தன. அடுத்த வருஷம் மாதா கோயில் மைதானம் நிறையக் கார்கள் நின்றன. மதுரை, கோயம்புத்தூர், சென்னை. மரம் ஏறுபவரைப் படம் எடுப்பார்கள். ஓலைப் பட்டையில் பதநீர் குடிக்கும் தங்களையும் படம் எடுப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, கள் கிடைக்குமா என்று கேட்பார்கள்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள். கள் இறக்கினால் வழக்கு. எங்கள் காளிமுத்துவிடம் ஒருவர் நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

“சுண்ணாம்பு தடவாமக் கட்டுனா நான் உள்ள போவேன் சார். நீங்க ஊருக்குப் போவீக” என்றார் காளிமுத்து.

வந்தவர்கள் தங்க இடம் கேட்டார்கள். ‘வீடு வாடகைக்கு’ என்று தொங்கிய அட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அதே ஆணியில் ‘ரூம் கிடைக்கும்’ என்ற அட்டைகள் வந்தன. பள்ளிக்கூட ஆசிரியர்கள் இரண்டு பேர் ராமநாதபுரத்திலிருந்து தினமும் பேருந்தில் வர ஆரம்பித்தார்கள். எங்கள் நர்ஸ் ஒருத்தி மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அப்போதெல்லாம் நான் அவர்களுக்காக வருத்தப்பட்டேன். என் வீட்டுக்கும் அது வரும் என்று நினைக்கவில்லை.

ஆறு வீடு பார்த்தேன்

ஒரு மாதத்தில் ஆறு வீடு பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் குறிப்பு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லி அலுக்கவைக்க மாட்டேன்.

முதல் வீட்டு அம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

“எத்தன பேரு?”

“நான் ஒரு ஆளு.”

“தனியா இருக்குற பொம்பளைக்கு எதுக்கு ரெண்டு ரூமு?”

“ஒண்ணுல நான் இருப்பேன். இன்னொண்ணுலயும் நானே இருப்பேன்.”

அந்த வீடு கிடைக்கவில்லை. (என் கணவர் காலமானதைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். அதை ஒவ்வொரு வாசலிலும் திரும்பச் சொல்ல எனக்கு மனமில்லை.)

மூன்றாவது வீட்டுக்காரர், “சொந்த ஊரு எந்தப் பக்கம்?” என்றார்.

“முதுகுளத்தூர்ப் பக்கம்.”

“முதுகுளத்தூர்ல எந்தப் பக்கம்?”

“பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்க.”

“கிழக்கன்னா எந்தத் தெரு?”

அவருக்கு எது தெரிய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கடைசிவரை நான் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

நாலாவது, முஸ்லிம் தெருவில் புதிதாகக் கட்டிய அழகான வீடு. ஜன்னல் கம்பிக்கு இன்னும் பெயின்ட் வாசம் இருந்தது. ஆனால் பூட்டியிருந்தது. “அது மகளுக்குக் கட்டுனதுங்க. நிக்காஹ் வரைக்கும் பூட்டித்தான் கெடக்கும்” என்றார்கள். காதில் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த வாக்கியத்தில்தான் எனக்கு வேண்டியது முழுவதும் இருந்தது. பிடிபடவில்லை.

ஐந்தாவது வீட்டுக்காரர் மட்டும் முகம் மலர வரவேற்றார். வீடு பிடித்தது. தண்ணீர் நல்ல தண்ணீர். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

“சீசன்ல மட்டும் வெள்ளிக்கிழம சாயங்காலம் காலி பண்ணிட்டு திங்கக்கிழம காலைல வந்துருங்க.”

“சாமானெல்லாம்?”

“ஒரு மூலைல கட்டி வச்சுருங்க. நாங்க போர்வை போட்டு மூடிக்கிறோம்.”

“சனி, ஞாயிறு நான் எங்கண்ணே போறது?”

“சொந்த ஊருக்குப் போங்க. வாராவாரம் சொந்தக்காரகளப் பாத்த மாதிரி இருக்கும்ல.”

வாராவாரம் பார்க்கும் அளவுக்கு எனக்குச் சொந்தக்காரர்கள் மேல் பிரியம் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஆறாவது வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குக் கூரை பாதிதான் இருந்தது.

கொட்டான் யாருக்குப் போகிறது

ஆறாவது வீட்டைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம், காளிமுத்து மரத்திலிருந்து இறங்கி, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“வீடு அம்புட்டுச்சா லேபக்கா?”

“இல்லண்ணே.”

“ஏன் தேடுறீக? இந்த வீட்டுக்காரக போகச் சொன்னாகளா?”

“நீங்க மேல இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஹபீப் காக்கா வந்து சொன்னாருல்ல.”

“அவரு சொன்னாரு, கேட்டேன். வீட்டுக்காரக சொன்னாகளான்னு கேக்கேன்.”

நான் புரியாமல் நின்றேன். அவர் என்னைவிட அதிகம் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“அக்கா, இந்தப் பதினோரு மரத்தையும் நான் பாட்டத்துக்கு எடுத்து ஏறுறேன். வருசாவருசம் ஆடி கழிஞ்சதும் ரெண்டு கொட்டான் கருப்பட்டி யாருக்குக் குடுத்துவிடுறேன்? கத்தாருக்குப் போற ஆளுககிட்ட காக்கா தங்கச்சி ஆயிஷாம்மாவுக்குல்ல குடுத்துவிடுறேன். அந்தம்மா வீடு, அந்தம்மா மரம். நிக்காஹ்ல அவுக வாப்பா குடுத்தது. காக்காவுக்கு இங்கன என்ன இருக்கு? அவரே பொண்டாட்டி வீட்லதான இருக்காரு.”

பனையோலையில் முடைந்த கொட்டான்கள் வருஷாவருஷம் என் நடையில்தான் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கும். எறும்பு ஏறாமல் இருக்க அவற்றைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு போட்டவள் நான். தங்கைக்கு அண்ணன் வீட்டிலிருந்து போகிற சீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் பெயர் எழுதாத குழாயை நான் தொடமாட்டேன். டாக்டரே கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்டவள் எட்டு வருஷமாக ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு, வருஷத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் எட்டு கணக்கு நோட்டுகளிலும் வீட்டுக்காரர் என்ற இடத்தில் தவறான பெயரை எழுதிவைத்திருக்கிறேன். வாடகையை மரியம் லாத்தாவிடம் கொடுப்பேன். அவர் ஹபீப் காக்காவின் மனைவி. அவர் அதை மாதாமாதம் நாத்தனாருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை யார் தனியாக வந்து சொல்வார்கள்?

எங்கள் பக்கத்து வழக்கம்

ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வீடு என்றால் ஆண்பிள்ளைக்கு. வயல் என்றால் ஆண்பிள்ளைக்கு. பெண்ணுக்கு நகை போட்டு, பாத்திரம் கொடுத்து, பஸ் ஏற்றிவிடுவார்கள். கணவர் போன பிறகு நான் சாமான்களோடு ஊருக்குப் போனபோது என் தம்பி, “இரு அக்கா, எத்தன நாளைக்கு வேணும்னாலும் இரு” என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ‘எத்தனை நாள்’ என் காதைவிட்டுப் போகவில்லை. அய்யா கட்டிய வீடு. சுவருக்கு மண் குழைத்தபோது நானும் மிதித்திருக்கிறேன். பதினெட்டாம் நாள் கிளம்பிவிட்டேன்.

அப்படி வளர்ந்தவளுக்கு, சாவியை நீட்டிய ஆண்பிள்ளைதான் வீட்டுக்காரர். வேறு யாராவது இருக்கக்கூடும் என்ற சந்தேகமே வராது. இந்தக் கரையிலோ தலைகீழ். பெண் பிறந்த அன்றே அவளுக்கு வீடு கட்ட யோசிக்கத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வார். அண்ணன் தம்பிகள் வெளிநாட்டில் உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டுவார்கள். பிறகு தங்கள் மனைவியின் வீட்டில் போய்த் தங்குவார்கள்.

மறுநாள் மரியம் லாத்தாவிடம் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஆயிஷாவின் போன் நம்பர் வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கையைத் துடைத்து, காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்.

“நான் குடுத்தேன்னு சொல்லிக்கிடாதீங்க” என்றார். பிறகு, “கேட்டாச் சொல்லுங்க, பரவால்ல” என்றார்.

நடந்ததை எழுதி அனுப்பினேன். ஆயிஷாவிடமிருந்து பதில் குரல் செய்தியாக வந்தது. பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம்.

“அக்கா, நீங்களே ஊருக்குப் போகப்போறதா காக்கா சொன்னாரு. அதுனாலதான் நான் சரின்னேன். நான் புள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு விட்டதும் வாரேன். போன்ல சொன்னா காக்கா ‘சரிம்மா சரிம்மா’ம்பாரு, அப்புறம் அவரு நெனச்சதத்தான் செய்வாரு. வாப்பா மவுத்தாகிப் போனதுக்கப்புறம் அவரை நான் எதுத்துப் பேசுனதே இல்ல. நேர்ல வந்தாப் பேசுவனான்னும் தெரியல. அதுவரைக்கும் சாவியக் குடுத்துராதீங்க.”

நாலு மாதம் இருந்தது. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். ஆயிஷா போகச் சொன்னால் அன்றைக்கே போவேன். அவருடைய அண்ணன் சொன்னால் போகமாட்டேன்.

உள்ளே நான், வெளியே பெயின்டர்

ஒன்றாம் தேதி வந்தது. ஹபீப் காக்காவும் வந்தார்.

“சாமான் கட்டலியா?”

“இல்ல காக்கா.”

“வண்டி கெடைக்கலியா?”

“வண்டி கெடைக்கும். நான் போகல. ஆயிஷா வந்து சொல்லட்டும்.”

அவர் தங்கை பெயரை என் வாயிலிருந்து எதிர்பார்க்கவில்லை. “ஆயிஷா சின்னப் புள்ளம்மா, அதுக்கு என்ன தெரியும்” என்றார். ஆயிஷாவுக்கு முப்பத்தாறு வயது.

அடுத்த வாரம் பெயின்டர் வந்தார். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சுவரில் ஏணி சாத்தினார். மதியத்துக்குள் ஒரு பனை வரைந்தார். அதன் கீழ் ஒரு பானை, பக்கத்தில் ‘நல்வரவு’. ஜன்னல் ஓரம் வந்ததும் தயங்கினார்.

“அக்கா, நீங்க ஜன்னல்ல இருந்து கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா...”

“என்னையும் சேத்து வரைஞ்சுருங்க.”

சிரித்துவிட்டார். டீ கொடுத்தேன். அவருக்கு என்ன, வேலைக்கு வந்தவர்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு ஐந்து பேர் வந்தார்கள். பதநீர் குடிக்க மட்டும் என்று ஹபீப் காக்கா அனுப்பியிருந்தார். தொப்பி போட்ட ஒருவர் என்னிடம் வந்து, “டிபன் எத்தனை மணிக்கும்மா?” என்றார்.

“எனக்கு எட்டு மணிக்கு” என்றேன்.

அன்று மாலை ஒரு பலகையில் என் கையெழுத்தில் எழுதி கேட்டில் கட்டினேன்: ‘இது வீடு. உள்ளே ஆள் குடியிருக்கிறது.’ அடுத்த வாரம் வந்தவர்கள் அந்தப் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பலகையை எடுக்கவும் இல்லை.

சித்திரையில் கிணற்று மோட்டாருக்குப் போகிற வயரைக் கழற்றிவிட்டார்கள். வாளியும் கயிறும் இருந்தன. காலையில் பத்து வாளி, மாலையில் ஆறு. முதல் வாரம் தோள் வலித்தது. காளிமுத்து இறைத்துத் தருகிறேன் என்றார். “ஒங்களுக்கு மரம், எனக்குக் கிணறு. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்” என்று சொல்லிவிட்டேன். வைகாசியில் ஹபீப் காக்கா ஒரு வக்கீலைக் கூட்டிவந்தார். வக்கீல் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, “பத்திரம் யார் பேர்ல இருக்கு?” என்று அவரையே கேட்டார். இருவரும் வெளியே போய் நெடுநேரம் பேசினார்கள். வக்கீல் திரும்ப வரவில்லை.

பயம் இல்லை என்று எழுதினால் பொய். வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். திரும்பி வரும்போது தெருமுனையிலிருந்தே என் சாமான்கள் வெளியில் கிடக்கின்றனவா என்று கண் தேடும். கிடந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைப்பது. அவ்வளவுதான். வேறு திட்டம் இல்லை.

ஆயிஷா பேசினார்

ஆனி மாதம் ஆயிஷா வந்தார். வந்த மறுநாள் சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்த நேரத்துக்கு, அவரும் ஹபீப் காக்காவும் மரியம் லாத்தாவும் வீட்டுக்கு வந்தார்கள். ஆயிஷாவை நான் அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். ஒல்லியானவர். ஹாலின் நடுவில் நின்று நாலு சுவரையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்.

எல்லோரும் உட்கார்ந்தோம். நான் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஹபீப் காக்காவின் கை நீண்டது. நான் சாவியை ஆயிஷாவின் பக்கம் நகர்த்தினேன்.

“ஒங்க வீடு. நீங்க போகச் சொன்னா நாளைக்கே போயிருவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும்.”

ஆயிஷா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பேச ஆரம்பித்தார். குரலை உயர்த்தவே இல்லை. இந்த வீட்டுக்காகத் தான் சவுதியில் வெயிலில் நின்றது, வாப்பாவோடு சேர்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் பணம் அனுப்பியது, திரும்பி வந்து உட்கார்ந்தால் ஒரு வேலையும் இல்லாமல் பள்ளிவாசலுக்கும் கடைக்கும் நடப்பது எல்லாம் சொன்னார். “எனக்குன்னு ஒண்ணு நடத்திப் பாக்குறேம்மா. தப்பா?” என்று முடித்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, தப்பில்லை என்று சொல்லத் தோன்றியது.

ஆயிஷாவின் தலை குனிந்தது. “காக்கா சொல்றதும்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவர் விரல் சாவியின் வளையத்தில் இருந்தது. அதை அண்ணன் பக்கம் தள்ளப்போகிறார் என்று நினைத்தேன். ஐந்தாவது வீட்டுக்காரரின் போர்வை எனக்கு நினைவுக்கு வந்தது.

அப்போது மரியம் லாத்தா வாயைத் திறந்தார்.

“ஒண்ணு கேக்கவா?” என்றார் கணவரிடம். “தங்கச்சி வீட்ட காக்கா எடுத்து நடத்தலாம்னா, எம் வீட்டையும் எங் காக்கா எடுத்து நடத்தலாம்ல? நாளைக்கே அவரு வந்து ரூம் கெடைக்கும்னு போர்டு மாட்டுனா, நீங்க எங்கன படுப்பீங்க?”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேறன்னு சொல்லுங்க. கேக்குறேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மரியம் லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார். “இருபத்தாறு வருசம் லீவுல வந்து எம் வீட்லதான் எறங்குனீங்க. மாப்பிள்ளைக்குன்னு மாடி ரூம தூத்து வச்சோம். எங் காக்கா யாராச்சும் மாடி ஏறி வந்து ஒரு வார்த்த கேட்டிருப்பாகளா? அவுகளும்தான் வெயில்ல நின்னு கட்டுனாக. கட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாக.”

தெருவில் ஒரு கார் வந்து நின்று, எதையோ யோசித்து, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

ஆயிஷா நிமிர்ந்தார். “காக்கா” என்றார். சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஒங்களுக்கு ஏதாச்சும் நடத்தணும்னா வேற எடத்துல செய்ங்க. எம் மாப்பிள்ளைகிட்டச் சொல்லி நானும் ஒத்தாச பண்ணுறேன். இது எம் மகளுக்கு. அவளுக்குப் பதினோரு வயசாகுது. அவ நிக்காஹ் வரைக்கும் லேபக்கா இருக்கட்டும். நீங்க இங்க எப்ப வேணும்னாலும் வரலாம் காக்கா. விருந்தாளியா வாங்க. கேட்டத் தட்டிட்டு வாங்க.”

“நல்லாப் பேசக் கத்துக்கிட்ட” என்றார் ஹபீப் காக்கா. அதில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நான் உள்ளே போய் அலமாரியிலிருந்து முத்திரைத்தாளை எடுத்துவந்தேன். எட்டு வருஷமாக எழுதாத வாடகை ஒப்பந்தத்தை வைகாசியிலேயே எழுதி வைத்திருந்தேன், உரிமையாளர் ஆயிஷா என்ற பெயரில். நாளை என்று விட்டால் நாளை வேறு ஒருவர் வந்து வேறொன்று சொல்வார். ஆயிஷா வரி வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் நின்று, “இது என்னக்கா?” என்றார்.

காலி செய்யச் சொல்ல வேண்டிய நாள் வரும்போது, வீடு யாருக்கு உரியதோ அந்தப் பெண்ணே வந்து ஆறு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அவள் சார்பில் வேறு யார் சொன்னாலும் செல்லாது. அப்படி ஒரு வரி எழுதியிருந்தேன்.

“எம் மக வந்து சொல்லணுமா?”

“ஆமா. அவளே சொல்லிப் பழகட்டும்.”

ஆயிஷா சிரித்தார். மரியம் லாத்தாவும் சிரித்தார். ஆயிஷா கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன், முதல் சாட்சியாக மரியம் லாத்தா போட்டார். இன்னொரு சாட்சிக்கு இடம் இருந்தது. தாள் தானாகவே ஹபீப் காக்காவின் முன்னால் போய் நின்றது போல் இருந்தது. மரியம் லாத்தாதான் தள்ளியிருக்க வேண்டும்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். கை பழக்கத்தில், உரிமையாளர் என்று எழுதியிருந்த இடத்துக்குப் போனது.

“அங்கன இல்ல காக்கா” என்றார் ஆயிஷா. “கீழ. சாட்சின்னு போட்டுருக்குல்ல, அங்கன.”

பேனா கீழே இறங்கியது. அழகான, நிதானமான கையெழுத்து. போட்டுவிட்டு மூடியைத் திருகப் போனார்.

“பேருக்குக் கீழ தேதியும் போடுங்க காக்கா” என்றேன்.

போட்டார்.